உள்ளட்டைச் சீட்டு: புக்பிளேட்டை வைத்துப் புத்தகத்தின் பழைய உடைமையாளரைக் கண்டுபிடிக்கும் முறை

பழைய புத்தகத்தின் முன் அட்டையைத் திறந்ததும் உட்பக்கத்தில் சிறிய சித்திரச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தால் அதுதான் புக்பிளேட். 'எக்ஸ் லிப்ரிஸ்' என்றும் சொல்வார்கள். லத்தீனில் 'இன்னாருடைய புத்தகங்களிலிருந்து' என்று பொருள். புத்தகத்தில் கையெழுத்துப் போட ஒரு நொடி போதும். சீட்டுக்கோ ஓவியரைப் பிடித்து, சின்னத்தை முடிவுசெய்து, தகடு வெட்டி, நூற்றுக்கணக்கில் அச்சடிக்க வேண்டும். தன்னை மற்றவர்கள் எப்படிப் பார்க்க வேண்டும் என்று யோசித்து ஒருவர் காசு கொடுத்துச் செய்துகொண்டது அது. அதனால்தான் அதில் தகவலும் அதிகம், பாவனையும் அதிகம்.

வேலையைத் தொடங்கும்முன் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். சீட்டு தன்னைப் பற்றித்தான் சொல்லும். இந்தப் புத்தகத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சுச் சீட்டுகளில் ஒன்று ஜெர்மனியின் ஹில்டபிராண்ட் பிராண்டன்பர்க் என்பவருடையது. 1480 வாக்கில் செய்த மரச்செதுக்கு. தேவதை ஒன்று எருது வரைந்த கேடயத்தைப் பிடித்திருக்கும். கையால் வண்ணம் தீட்டியிருப்பார்கள். புக்ஸ்ஹைம் மடாலயத்துக்கு அவர் தானமாகக் கொடுத்த புத்தகங்களில் அது இருக்கிறது. இங்கிலாந்தின் நிக்கோலஸ் பேக்கன் சீட்டும் அப்படித்தான்: கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அவர் 1574இல் கொடுத்த புத்தகங்களில் ஒட்டியது. இரண்டும் 'இது என்னிடம் இருக்கிறது' என்று சொல்லவில்லை. 'இது என்னிடமிருந்து போனது' என்று சொல்கின்றன. பெயரைப் பார்த்ததும் அவர் தன் அலமாரியில் வைத்துப் படித்த பிரதி என்று எழுதிவிட்டால் முதல் அடியிலேயே சறுக்கல்தான்.

படி 1: கை வைக்காமல் பதிவு செய்யுங்கள்

தேவையானவை: 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சிறிய டார்ச், 365 நானோமீட்டர் புறஊதா டார்ச், மில்லிமீட்டர் அளவுகோல் (உலோகம் வேண்டாம், காகிதத்தில் கோடு விழும்), பென்சில். பேனாவைப் புத்தகம் இருக்கும் மேசைக்கே கொண்டுவராதீர்கள்.

அட்டையை முழுக்க விரிக்கக் கூடாது. மடித்த துணியையோ நுரைத் துண்டையோ அடியில் கொடுத்து 100 பாகை அளவுக்குத் திறந்தால் போதும். மூன்று படங்கள் எடுங்கள். முதலாவது, உள்ளட்டையும் எதிரிலுள்ள வெற்றுத்தாளும் சேர்ந்து தெரியும்படி. இரண்டாவது, சீட்டு மட்டும், அளவுகோலோடு. மூன்றாவது, டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து தாளோடு தாளாகச் சாய்த்து அடித்து. பலர் விட்டுவிடுவது இந்த மூன்றாவது படத்தைத்தான். சீட்டுக்கு அடியில் இன்னொரு சீட்டு இருந்தால் அதன் விளிம்பு மேடாகத் தெரிவது அதில்தான்.

அளவை உயரம், அகலம் என்ற வரிசையில் எழுதுங்கள். சித்திரத்தின் அளவு வேறு, தகடு அழுந்திய தடத்தின் அளவு வேறு, காகிதத்தின் அளவு வேறு. மூன்றையும் குறியுங்கள். ஒரே ஆளுக்கு ஒரே வடிவத்தில் சிறியதும் பெரியதுமாக இரண்டு தகடுகள் இருப்பது வழக்கம். பிற்பாடு பட்டியலோடு ஒப்பிடும்போது 3 மில்லிமீட்டர் வித்தியாசம்தான் எது எது என்று பிரித்துக் காட்டும்.

மொழி தெரியவில்லையே என்று இந்தக் கட்டத்தில் தயங்க வேண்டாம். இரண்டாம் உலகப்போரில் நாஜிகள் சூறையாடிய நூலகங்களின் புத்தகங்கள் 1946இல் ஜெர்மனியின் ஆஃபன்பாக் நகரத்துக் கிடங்கில் மலைபோல் குவிந்தன. கிடங்கின் பொறுப்பிலிருந்த ஐசக் பென்கோவிட்ஸ் அவற்றிலிருந்த முத்திரைகளையும் சீட்டுகளையும் படமெடுக்கச் செய்தார். பிரிக்கும் வேலையில் இருந்தவர்களில் பலருக்கு அந்த மொழிகள் தெரியாது. ஆளுக்குச் சில சின்னங்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, தன் பங்குச் சின்னம் கண்ணில் பட்டால் அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்தார்கள். எழுத்தைப் படிக்காமல் வடிவத்தை மட்டும் பார்த்தே ஏராளமான புத்தகங்கள் சொந்த ஊர் திரும்பின.

படி 2: சீட்டு இந்தப் புத்தகத்தில் எப்போது ஒட்டப்பட்டது?

எங்களைக் கேட்டால் மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பெயரைத் தேடும் ஆசையில் இதைத் தாண்டிக் குதிப்பவர்களே அதிகம்.

எதிர்த்தாளைப் பாருங்கள். சீட்டின் மையும் காகிதமும் பல ஆண்டுகள் அழுந்திக் கிடந்தால் எதிரிலுள்ள தாளில் பழுப்பு நிறத்தில் அதன் நிழல் விழும். நிழலும் சீட்டும் ஒரே அளவு, ஒரே இடம் என்றால் நல்லது. நிழல் பெரிதாகவும் சீட்டு சிறிதாகவும் இருந்தால் முன்பு அங்கே வேறொன்று இருந்திருக்கிறது. 200 ஆண்டுப் பழமை சொல்லும் சீட்டுக்கு எதிரே நிழலே இல்லையென்றால், ஒன்று அந்த வெற்றுத்தாள் புதியது, அல்லது சீட்டு புதிதாக வந்து ஒட்டிக்கொண்டது.

அடுத்தது பூச்சித் துளை. உள்ளட்டைக் காகிதத்தில் சீட்டின் ஓரம்வரை ஓடிவந்த துளை, சீட்டையும் துளைத்துக்கொண்டு போனால் பூச்சி வந்தபோது சீட்டு அங்கே இருந்தது. துளை சீட்டின் அடியில் மறைந்து, சீட்டு மட்டும் ஓட்டையில்லாமல் இருந்தால் பூச்சி போன பிறகு ஒட்டியது. இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

மூன்றாவது பைண்டிங். சீட்டு 1720ஐச் சேர்ந்தது, அட்டை கட்டியது 1880 வாக்கில் என்றால், மறுகட்டு செய்தவர் பழைய அட்டையிலிருந்து சீட்டை எடுத்துப் புதிய அட்டையில் ஒட்டியிருக்கலாம். நல்ல பைண்டர்கள் அப்படிச் செய்வதுண்டு. வியாபாரி ஒருவர் வேறொரு புத்தகத்திலிருந்து கழற்றி ஒட்டியிருக்கவும் கூடும். இரண்டையும் பிரிக்கப் புத்தகத்துக்குள்ளேயே இன்னொரு சான்று வேண்டும்: தலைப்புப் பக்கத்தில் அதே ஆளின் கையெழுத்து, பழைய அலமாரி எண், ஓரக்குறிப்பு.

படி 3: அச்சையும் காகிதத்தையும் வைத்துக் காலம் கணிப்பது

லென்ஸை எடுங்கள். சித்திரத்தைச் சுற்றி நாற்புறமும் காகிதம் அழுந்திய பள்ளம் தெரிந்தால் அது செப்புத்தகட்டு அச்சு அல்லது எஃகுத்தகட்டு அச்சு. ஓரத்தை வெட்டிவிட்டால் இந்தத் தடமும் போய்விடும். அப்போது கோடுகளைப் பாருங்கள். உளியால் செதுக்கிய கோடு நடுவில் தடித்து, இரு முனையிலும் ஊசிபோல் கூர்ந்து முடியும். அமிலத்தால் அரித்த கோடு முனையில் மழுங்கி, ஒரே தடிமனில் ஓடும். இரண்டிலும் மை காகிதத்தின்மேல் இம்மியளவு மேடாக நிற்கும். மரச்செதுக்கிலும் எழுத்தச்சிலும் கதை தலைகீழ்: மை ஓரத்துக்குப் பிதுங்கியதால் கோட்டின் விளிம்பு நடுப்பகுதியைவிடக் கறுத்திருக்கும். மேடும் பள்ளமும் எதுவும் இல்லாமல் மை தட்டையாகப் படிந்திருந்தால் கல்லச்சு. அந்த முறையே 1790களின் இறுதியில்தான் கண்டுபிடிக்கப்பட்டது, ஆகவே அதற்கு முந்தைய தேதி செல்லாது. சாம்பல் நிறப் பகுதிகள் ஒழுங்கான புள்ளிகளாக உடைந்தால் புகைப்பட முறைத் தகடு. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியோ அதற்குப் பிறகோ.

காகிதத்தில் ஒரே சீராகக் கோடுகள் தெரிந்தால் பழைய கம்பிச் சல்லடையில் எடுத்த தாள். கோடே இல்லாத வழவழப்பான நெசவுச் சல்லடைத் தாள் ஐரோப்பாவில் 1750களில்தான் புழக்கத்துக்கு வந்தது. பின்பு புறஊதா டார்ச்சை இருட்டில் அடியுங்கள். சீட்டு பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் காகிதத்தில் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் காகித ஆலைகளில் பரவியது. ஜார்ஜ் வாஷிங்டன் பெயரில் சீட்டு, டார்ச் பட்டதும் நீல ஒளி என்றால் மேற்கொண்டு ஆராய எதுவுமில்லை.

பிரிட்டிஷ் சீட்டுகளில் சட்டகத்தின் பாணியும் காலம் காட்டும். மீன்செதில் போன்ற பின்னணி, இருபுறமும் சமமான சுருள்கள் என்றால் ஏறக்குறைய 1700 முதல் 1745 வரை. சிப்பியும் கொடியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளைந்தால் 1740 முதல் 1780 வரை. செய்தவர்களுக்கே சமச்சீர் அலுத்துப்போன காலம். மண்வெட்டி வடிவக் கேடயம், மேலே பூமாலைத் தோரணம் என்றால் 18ஆம் நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகள். இந்தப் பாணிப் பகுப்பைப் புழக்கத்தில் விட்டவர் ஜான் லெஸ்டர் வாரன். அவருடைய வழிகாட்டி நூல் 1880இல் வந்தது. ஊர்ப்புறத்துச் செதுக்குநர்கள் தலைநகரைவிடப் பத்து இருபது ஆண்டுகள் பின்தங்கியே இருப்பார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

படி 4: கேடயத்தைப் படிப்பது

குடும்பச் சின்னம் உள்ள சீட்டில் பெயரே இல்லாமல் போகலாம். பிரச்சினையில்லை, கேடயம் பேசும். கறுப்பு வெள்ளையில் அச்சடித்த கேடயத்துக்கும் நிறம் உண்டு. சில்வெஸ்ட்ரோ பியத்ரா சாந்தா என்ற ஏசு சபைப் பாதிரியாரின் 1638ஆம் ஆண்டு நூலால் பரவிய முறை இது: செங்குத்துக் கோடு சிவப்பு, படுக்கைக் கோடு நீலம், இரண்டும் குறுக்கே வெட்டிக்கொண்டால் கறுப்பு, புள்ளிகள் பொன், வெறுமை வெள்ளி. பார்ப்பவரின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் சரியும் கோடு பச்சை, அதற்கு எதிர்ச்சாய்வு ஊதா. நிறத்தைத் தப்பாகப் படித்தால் வேறு குடும்பத்தின் வீட்டு வாசலில் போய் நிற்பீர்கள். ஒரே சிங்கத்தை நிறம் மாற்றி வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம்.

இடம் வலம் எப்போதும் கேடயத்தைப் பிடித்து நிற்பவரின் பக்கத்திலிருந்து கணக்கு. அவர் வலம் உங்களுக்கு இடம். கேடயம் நடுவில் இரண்டாகப் பிரிந்திருந்தால், நீங்கள் பார்க்கும் இடப்பாதி கணவருடையது, வலப்பாதி மனைவியின் பிறந்த வீட்டுடையது. மேலே மூன்று பற்கள் தொங்கும் பட்டை மூத்த மகனுக்கு. பிறை இரண்டாம் மகனுக்கு. ஐந்துமுனை நட்சத்திரம் மூன்றாம் மகனுக்கு. கேடயத்துக்குப் பதில் சாய்சதுரம் என்றால் மணமாகாத பெண் அல்லது கைம்பெண். நரம்புபோல் நீண்ட எட்டுக் கம்பிகளில் முத்து வைத்த கிரீடம் ஏர்ல் என்ற பிரபுப் பட்டத்துக்கு, முன்பக்கம் ஐந்து முத்துகள் தெரியும். வளையத்தின்மேலேயே நான்கு முத்துகள் தெரிந்தால் பாரன்.

இவற்றைச் சேர்த்தால் எவ்வளவு நெருங்கலாம் என்று பாருங்கள். பிரிந்த கேடயம், இடப்பாதியில் மூன்று பல் பட்டை. மணமான மூத்த மகன். தகப்பனார் உயிரோடு இருக்கிறார். ஆகவே திருமண ஆண்டுக்கு முன்னால் இந்தத் தகடு வெட்டியிருக்க முடியாது, தகப்பனார் இறந்த பிறகும் வெட்டியிருக்க மாட்டார்கள். பல குடும்பங்களில் இந்த இடைவெளி பத்தாண்டுகூட வராது.

நூரம்பர்க் நகரத்து அறிஞர் வில்லிபால்ட் பிர்க்ஹைமருக்காக ஆல்பிரெக்ட் டியூரர் செய்த மரச்செதுக்குச் சீட்டு இதற்கு நல்ல பாடம். அதில் இரண்டு கேடயங்கள். ஒன்றில் பிர்ச் மரம்: குடும்பப் பெயரின் ஒலியையே படமாக்கிய சிலேடை. இன்னொன்றில் இரட்டை வால் கடற்கன்னி: மனைவி கிரெசென்சியா ரீட்டரின் பிறந்த வீட்டுச் சின்னம். அவர்கள் மணம் முடித்தது 1495இல். மனைவி இறந்தது 1504இல். தகடு அந்த இடைவெளியைச் சேர்ந்தது என்று கொள்ள இதுவே பெரிய ஆதாரம். ஆனால் வெட்டிய தகட்டை மனைவி இறந்தபின் தூக்கிப்போட வேண்டிய அவசியமில்லை, பிர்க்ஹைமர் 1530 வரை இருந்தார். ஆகவே ஒட்டிய தேதி வேறு. அந்தச் சீட்டில் 'சிபி எத் அமிகிஸ்' என்றும் இருக்கும்: தனக்கும் நண்பர்களுக்கும். இரவல் கொடுத்துத் திரும்பி வராத புத்தகங்களை நினைத்தால் தாராளமான மனசுதான்.

படி 5: எழுத்துகள்

'எக்ஸ் லிப்ரிஸ்', 'எக்ஸ் பிப்ளியோதெகா' இரண்டும் உடைமையைச் சொல்பவை. 'எக்ஸ் டோனோ' என்றால் நன்கொடை, பின்னால் வரும் பெயர் கொடுத்தவருடையது. பெயர்களை லத்தீனாக்கியிருப்பார்கள்: குலியெல்மஸ் என்பது வில்லியம், யகோபஸ் என்பது ஜேம்ஸ் அல்லது ஜேக்கப். ஊர்ப் பெயரில் அகலக் கால் வைக்காதீர்கள். 'லுக்டுனும்' என்றால் லியோன், அதோடு 'பட்டாவோரும்' சேர்ந்தால் லெய்டன், ஒன்று பிரான்சு, மற்றது ஹாலந்து. அடி ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஸ்கல்ப்' என்று முடியும் பெயர் செதுக்கியவருடையது, 'டெல்' அல்லது 'இன்வ்' என்று முடிவது வரைந்தவருடையது. உடைமையாளர் என்று செதுக்குநரைப் பதிவு செய்த பட்டியல்கள் உண்டு.

பெயர் பொறித்த இடத்தில் மட்டும் காகிதம் மங்கலாக, பழைய எழுத்தின் வால் எட்டிப்பார்த்தால் தகடு கைமாறியிருக்கிறது: தாத்தாவின் தகட்டில் பெயரைச் சுரண்டிப் பேரன் தன் பெயரை வெட்டிக்கொண்டது. சித்திரத்தின் பாணி தாத்தாவின் காலம், உடைமை பேரனின் காலம்.

படி 6: ஆளைத் தேடுவது

பிரிட்டிஷ் சீட்டென்றால் முதலில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பு. அகஸ்டஸ் வொல்லாஸ்டன் ஃபிராங்க்ஸ் சேர்த்த சீட்டுகள் 1897இல் அவர் உயில்படி அங்கே வந்தன. காம்பியர் ஹோ தயாரித்த மூன்று தொகுதிப் பட்டியல் அடுத்த சில ஆண்டுகளில் வெளிவந்தது. சீட்டைப் பற்றிப் பேசும்போது 'ஃபிராங்க்ஸ் எண்' என்று சொல்வது இதைத்தான். பெயரே இல்லாமல் கேடயம் மட்டும் இருந்தால் பாப்வொர்த்தின் அகராதி: அதில் சின்னத்தை வைத்துக் குடும்பத்தைத் தேடலாம். பெர்க்கின் நூல் எதிர்த்திசை, குடும்பத்தை வைத்துச் சின்னம். ஐரோப்பா முழுவதற்கும் ரீட்ஸ்டாப்பின் குடும்பச் சின்ன நூல்.

பெயர் கிடைத்ததும் சோர்ந்து உட்காரக் கூடாது, ஏனென்றால் பிரச்சினை அங்கேதான் ஆரம்பம். ஒரே குடும்பத்தில் தகப்பன், மகன், பேரன் மூவருக்கும் ஒரே பெயர், ஒரே சின்னம். தாளில் ஒரு கோடு போட்டு ஒவ்வொருவரின் பிறப்பு, திருமணம், பட்டம், இறப்பு ஆண்டுகளைக் குறித்து, 3ஆம் படியிலும் 4ஆம் படியிலும் கிடைத்த எல்லைகளை அதன்மேல் வையுங்கள். பல்கலைக்கழகப் பதிவேடு, உயில், நூலக ஏலப் பட்டியல் என்ற வரிசையில் சரிபாருங்கள். ஏலப் பட்டியலில் உங்கள் புத்தகத்தின் அதே பதிப்பு இருந்து, அதே பைண்டிங் குறிப்பும் இருந்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

சார்லஸ் டிக்கன்ஸ் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. அவருக்குச் சொந்தமாகச் சிங்கச் சின்னச் சீட்டு இருந்தது. அவர் 1870 ஜூனில் இறந்தபின் நூலகம் விற்பனைக்கு வந்தபோது 'டிக்கன்ஸின் நூலகத்திலிருந்து, காட்ஸ்ஹில் பிளேஸ், ஜூன் 1870' என்ற இரண்டாவது சீட்டும் ஒட்டப்பட்டது. இரண்டாவதை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் புத்தகம் கடைசிவரை அவர் வீட்டில் இருந்தது என்பதற்கு அந்த விற்பனைச் சீட்டுதான் பலமான சாட்சி. சீட்டைத் தனியாக வாங்கி எந்தப் புத்தகத்திலும் ஒட்டலாம் என்பதால், பிரபலங்களின் பெயர் வந்தாலே 2ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள். வாஷிங்டன் சீட்டுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே போலித் தகடு செய்து, சாதாரணப் புத்தகங்களில் ஒட்டி ஏலம் விட்டிருக்கிறார்கள்.

கடைசியில் எழுதும் குறிப்பில் பார்த்ததையும் ஊகித்ததையும் தனித்தனி வாக்கியமாக வையுங்கள். 'முன் உள்ளட்டையில் செப்புத்தகட்டுச் சீட்டு, 92 × 70 மி.மீ.; எதிர்த்தாளில் அதன் நிழல்' என்பது பார்த்தது. 'கேடயத்தை வைத்துப் பார்த்தால் இரண்டாம் தலைமுறையினர்' என்பது ஊகம்.

சீட்டை மட்டும் கழற்றிச் சேகரிக்கலாமே என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. கழற்றினால் நிழல், துளை, பைண்டிங் மூன்று சாட்சியும் போய், கையில் மிஞ்சுவது அழகான காகிதம். பசை விட்டுத் தானாகக் கழன்றிருந்தால் மட்டும், இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு அதே இடத்தில் திரும்ப ஒட்டுங்கள்.

உங்களுக்கென்று ஒன்று செய்வதானால்

மேலே சொன்ன தேடலில் எங்கெல்லாம் முட்டி நின்றோமோ அதையெல்லாம் உங்கள் சீட்டில் சரிசெய்துவிடலாம். முழுப்பெயர், ஆண்டு, ஊர் மூன்றும் சித்திரத்துக்குள்ளேயே இருக்கட்டும். முதலெழுத்து மட்டும் போட்டால் அறுபது ஆண்டில் யாருக்கும் புரியாது. உயரம் 90 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம், சிறிய புத்தகத்திலும் உட்கார வேண்டும்.

லினோ என்ற மென்மையான தகட்டில் நீங்களே வெட்டலாம். 3.2 மில்லிமீட்டர் லினோத் தகட்டில் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகப் பதியுங்கள். எழுத்தைத் திருப்பிப் போட மறந்து தகட்டை வீணாக்குவது முதல்முறை செய்பவர்களின் வாடிக்கை. எழுத்தின் உயரம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் லினோ உதிரும். அதைவிட நுணுக்கம் வேண்டுமென்றால் கட்டையின் குறுக்குவெட்டில் செதுக்கும் மரச்செதுக்குநரிடம் கொடுங்கள். காகிதம் அமிலமற்றதாக, சதுர மீட்டருக்கு 90 முதல் 110 கிராம். இழையோட்டம் மேலிருந்து கீழாக, புத்தகத்தின் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பசை காயும்போது சீட்டு சுருங்கி அட்டையையும் வளைத்துவிடும்.

பசைக்கு மைதா வேண்டாம். அதிலுள்ள புரதம் பூச்சியை அழைக்கும், காய்ந்தால் நொறுங்கும். புரதம் நீக்கிய கோதுமை மாவுச்சத்து ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. அரைமணி நேரம் ஊறவைத்து, சிறு தீயில் கூழ் காய்ச்சுவதுபோல் விடாமல் கிளறி, 20 முதல் 30 நிமிடத்தில் கண்ணாடிபோல் ஆனதும் இறக்குங்கள். ஆறியபின் சல்லடையில் இரண்டு முறை தேய்த்து, தண்ணீர் விட்டு மோர்ப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் பசையும் தானாக ஒட்டும் ஸ்டிக்கரும் பின்னாளில் எடுக்கவே வராது.

சீட்டின் பின்பக்கம் மெல்லியதாகத் தடவி ஒரு நிமிடம் விடுங்கள். காகிதம் முதலில் விரியும். விரியும்முன் ஒட்டினால் நடுவில் குமிழ் எழும். முன் உள்ளட்டையில் வைத்து, மேலே உறிஞ்சுதாள் போட்டு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி, பிறகு மெழுகுத்தாளும் பலகையும் வைத்து ஒருநாள் பாரம் ஏற்றுங்கள். முந்தைய உடைமையாளரின் சீட்டோ கையெழுத்தோ அங்கே இருந்தால் அதன்மேல் ஒட்டாமல் பக்கத்தில் இடம் பாருங்கள். அரிய பழைய பிரதியில் எதையும் ஒட்டாமல், உங்கள் சீட்டை அமிலமற்ற உறையில் போட்டு உள்ளே வைப்பதே மரியாதை.

அச்சடித்தவற்றில் இரண்டை ஒட்டாமல் எடுத்துவைத்து, பின்புறம் பென்சிலில் இவற்றை எழுதுங்கள்: யாருக்காக, யார் வரைந்தது, யார் வெட்டியது, என்ன முறை, எத்தனை பிரதி, எந்த மாதம், எந்த ஆண்டு.